படகிலிருந்து நைட்ராக்ஸ் முக்குளிப்பு: சிலிண்டரை அளப்பது முதல் கரை திரும்பிய பின்வரை

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு ஆக்சிஜன். எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜனின் பங்கை இதைவிட உயர்த்தி, அந்த அளவுக்கு நைட்ரஜனைக் குறைத்துச் சிலிண்டரில் நிரப்பப்படும் கலவையையே முக்குளிப்போர் நைட்ராக்ஸ் என்கிறார்கள். பொழுதுபோக்கு முக்குளிப்பில் ஆக்சிஜன் 40 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. படகுகளில் பெரும்பாலும் கிடைப்பவை 32, 36 விழுக்காட்டுக் கலவைகள். இவ்விரண்டையும் முறைப்படுத்தியது நோவா எனப்படும் அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம். அங்கே முக்குளிப்புத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மார்கன் வெல்ஸ் இதில் முக்கியப் பங்காற்றினார். அதே நிர்வாகத்தில் பணியாற்றிய டிக் ருட்கோவ்ஸ்கி 1985இல் இதைப் பொதுமக்களுக்கான பயிற்சியாக மாற்றினார்.

படகுப் பயணத்தில் நைட்ராக்ஸைப் பயன்படுத்த விரும்புபவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது. இது பயிற்சிக்கு மாற்று அன்று. நைட்ராக்ஸ் சான்றிதழ் பெற்றவர் தாம் கற்றதைப் படகுத் தளத்தில் ஒழுங்காகச் செயல்படுத்த உதவுவதே இதன் நோக்கம்.

உண்மையில் கிடைக்கும் பயன் எது

நைட்ராக்ஸ் பற்றிய பேச்சில் முதலில் வருவது ‘அதிக நேரம் கீழே இருக்கலாம்’ என்பதுதான். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும்.

முக்குளிப்புப் பயிற்சி அளிக்கும் பாடி (PADI) நிறுவனத்தின் பொழுதுபோக்கு முக்குளிப்பு அட்டவணைப்படி, சாதாரணக் காற்றுடன் 30 மீட்டரில் நிறுத்தமின்றி, அதாவது அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் கட்டாயமாக நிற்காமல், மேலேறத்தக்க உச்ச நேரம் 20 நிமிடம். 32 விழுக்காட்டு நைட்ராக்ஸில் 30 மீட்டரில் உடல் ஏற்கும் நைட்ரஜன், காற்றுடன் சுமார் 24.4 மீட்டரில் ஏற்பதற்குச் சமம். ஆகவே 25 மீட்டருக்கான வரிசையைப் பார்க்கலாம். அங்கே 29 நிமிடம் என்றிருக்கிறது. ஒன்பது நிமிட ஆதாயம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2400 லிட்டர் வாயு. 50 பாரை இருப்பாக ஒதுக்கினால் 1800 லிட்டர் மிஞ்சும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில், நான்கு மடங்கு அழுத்தத்தில், நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவழிப்பார். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் கணக்கில் எடுக்காவிட்டாலும் 22 நிமிடங்களில் வாயு தீர்ந்துவிடும். அட்டவணை 29 நிமிடம் தந்தாலும் சிலிண்டர் அதைத் தராது. நைட்ராக்ஸ் சிலிண்டர் காற்றுச் சிலிண்டரைவிட ஒரு நொடிகூட அதிகம் நீடிப்பதில்லை.

ஆகவே ஆழமான முதல் முக்குளிப்பில் கிடைக்கும் ஆதாயம் பலருக்கு மிகச் சிறியதுதான். உண்மையான ஆதாயம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது முக்குளிப்புகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் உடலில் தேங்கும் நைட்ரஜன் குறைவாக இருப்பதால், அடுத்த முறை இறங்கும்போது முந்தையதன் எச்சமும் குறைவாக இருக்கிறது. 18 மீட்டரில் 32 விழுக்காட்டுக் கலவையைச் சுவாசிப்பது, நைட்ரஜனைப் பொறுத்தவரை, காற்றுடன் சுமார் 14 மீட்டரில் இருப்பதைப் போன்றது. இந்த வேறுபாடு நாள் முழுவதும், பல நாள்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே வரும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை இறங்கும் படகுப் பயணங்களுக்கு நைட்ராக்ஸ் இவ்வளவு பொருந்திவருவதற்குக் காரணம் இதுவே. ஒரே ஒரு முறை, 12 மீட்டர்ப் பவளப்பாறையில் இறங்கித் திரும்புபவருக்கு இதற்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நைட்ராக்ஸ் கணக்குப்படி நீட்டித்த நேரத்தை முழுவதும் பயன்படுத்தினால், அழுத்தத் தளர்வு நோயின் (மேலேறும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வரும் நோய்) அபாயம் காற்றில் உள்ளதைப் போலவே இருக்கும். நேரத்தை நீட்டிக்காமல் காற்றுக்குரிய எல்லைக்குள்ளேயே நின்றால்தான் நைட்ராக்ஸ் பாதுகாப்பு இடைவெளியாக மாறும். இரண்டையும் முழுமையாகப் பெற முடியாது. எது வேண்டும் என்பதை இறங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கொடுக்கும் விலை: ஆழம்

உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகிறது என்பதை பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பேர் 1878இலேயே விளக்கினார். இங்கே முக்கியமானது விழுக்காடு அன்று, பகுதி அழுத்தம். ஆக்சிஜனின் பங்கை அந்த ஆழத்தின் மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். கடலில் மேற்பரப்பு அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேலும் 1 பார் கூடும். முக்குளிப்பின்போது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது பொழுதுபோக்கு முக்குளிப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. 1.6 பார் என்பது தவறு நேர்ந்தால் மட்டும் தொடக்கூடிய விளிம்பு. அதைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

உச்ச ஆழத்தைக் கணக்கிட, 1.4ஐ ஆக்சிஜன் பங்கால் வகுத்து, ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்க வேண்டும். 32 விழுக்காட்டுக்கு 1.4 ÷ 0.32 = 4.375, ஒன்றைக் கழித்தால் 3.375, உச்ச ஆழம் 33.75 மீட்டர். எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும் என்பதால் 33 மீட்டர் என்று கொள்ள வேண்டும். இதே முறையில் 34 விழுக்காட்டுக்கு 31 மீட்டர், 36க்கு 28 மீட்டர், 40க்கு 25 மீட்டர்.

இந்த எல்லை நைட்ரஜன் எல்லையைப் போன்றது அன்று. நிறுத்தமின்றி மேலேறத்தக்க நேரத்தை ஓரிரு நிமிடம் தாண்டினால் டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கொண்டு எல்லைகளைக் கணக்கிடும் கருவி) சொல்லும் நிறுத்தத்தைச் செய்து மேலேறலாம், பரிகாரத்துக்கு வழியுண்டு. ஆக்சிஜன் நச்சு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பாகவே தொடங்கலாம். வலிப்பு மருத்துவமனைப் படுக்கையில் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். 34 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டர் (சிலிண்டர் வாயுவைச் சுவாசிக்கத் தரும் கருவி) வாயிலிருந்து நழுவினால் அது மூழ்கி இறப்பதில் முடியும். இனி வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஓர் அபாயத்தைத் தடுப்பதற்காகவே உள்ளன.

படி 1: பயணத்தைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டியவை

படகில் எந்த விழுக்காட்டுக் கலவை கிடைக்கும், திட்டமிட்ட இடங்களின் ஆழம் எவ்வளவு, சிலிண்டரின் கொள்ளளவு என்ன, முக்குளிப்போரே அளந்துகொள்ளும் வகையில் ஆக்சிஜன் அனலைசர் (கலவையின் ஆக்சிஜன் விழுக்காட்டைக் காட்டும் கருவி) உள்ளதா என்ற நான்கு கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். 38 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பல் சிதைவைப் பார்க்கத்தான் பயணம் என்றால், அந்த முக்குளிப்புக்கு 32 விழுக்காடு பொருந்தாது. அதற்குக் காற்று அல்லது 28 விழுக்காட்டுக் கலவை கேட்க வேண்டும். 28 விழுக்காட்டுக்கு உச்ச ஆழம் 40 மீட்டர்.

நைட்ராக்ஸ் சான்றிதழ் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக நைட்ராக்ஸ் பயன்படுத்தி நெடுநாள் ஆகியிருந்தால், உங்கள் டைவ் கம்ப்யூட்டரில் கலவையை மாற்றும் முறையை வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆடும் படகில், ஈரக் கையுடன், மற்றவர்கள் காத்திருக்கும்போது எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று தேடுவது நல்லதன்று.

மருந்துகளையும் இப்போதே கவனியுங்கள். மூக்கடைப்புக்கு எடுக்கும் சூடோஎபெட்ரின் ஆக்சிஜன் நச்சு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்ற ஐயம் இருப்பதால், நைட்ராக்ஸுடன் அதைத் தவிர்க்கும்படி முக்குளிப்பு மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு. கடல் குமட்டலுக்கான மாத்திரைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றுள் சில தூக்கம் வரவழைப்பவை.

படி 2: கலவை எப்படித் தயாராகிறது என்பதை அறிதல்

பல நாள் தங்கும் படகுகளில் பெரும்பாலும் சவ்வு முறை இருக்கும். வடிகட்டிய காற்றை மெல்லிய உள்ளீடற்ற இழைகளின் வழியே செலுத்தி, நைட்ரஜனில் ஒரு பகுதியைப் பிரித்து வெளியேற்றி, ஆக்சிஜன் மிகுந்த காற்றைக் கம்ப்ரஸருக்கு அனுப்பும் முறை இது. இதில் கலவை பெரும்பாலும் சீராக இருக்கும். கரையிலுள்ள நிலையங்களில் தூய ஆக்சிஜனை முதலில் சிலிண்டரில் விட்டு, மேலே காற்றை நிரப்பும் முறையும் உண்டு. அதற்கு ஆக்சிஜனுக்கு ஏற்பச் சுத்தம் செய்யப்பட்ட சிலிண்டரும் வால்வும் தேவை. கலவையும் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபட வாய்ப்பு அதிகம். எந்த முறையானாலும் நீங்கள் அளப்பது கட்டாயம். எனினும் இரண்டாவது முறையில் நிரப்பிய சிலிண்டர் என்று தெரிந்தால் கூடுதல் கவனத்தோடு அளக்க வேண்டும்.

படி 3: சிலிண்டரை நீங்களே அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவேன் என்று ஒருவர் சொன்னால், இந்தப் படியைத்தான் நான் காட்டுவேன். சிலிண்டரின் மேலுள்ள பச்சை மஞ்சள் பட்டை ‘இதில் நைட்ராக்ஸ் இருக்கலாம்’ என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. படகுப் பணியாளர் ‘எல்லாம் 32தான்’ என்று சொல்வது நல்லெண்ணத்தோடு சொன்னதாக இருக்கலாம். அளவாக அதை ஏற்க முடியாது. சுவாசிக்கப் போகிறவரே அளக்க வேண்டும், அல்லது அளப்பதை நேரில் பார்த்து எண்ணைத் தாமே படிக்க வேண்டும்.

அனலைசரின் உள்ளே இருப்பது ஒரு சிறு மின்வேதிக் கலம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு ஏற்ப அது உண்டாக்கும் மின்னழுத்தமே திரையில் விழுக்காடாகத் தெரிகிறது. அது ஈரத்தாலும் வெப்பத்தாலும் வாயு பாயும் வேகத்தாலும் பாதிக்கப்படும்; பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் தேயும். எனவே கருவியை நிழலில், கடல் நீர் தெறிக்காத இடத்தில் வைத்து, சில நிமிடம் அச்சூழலுக்குப் பழகவிட்டு, முதலில் சாதாரணக் காற்றில் 20.9 என்று காட்டும்படி சரிசெய்யுங்கள். கம்ப்ரஸர் அறைக்கும் எஞ்சின் புகைக்கும் அருகில் இதைச் செய்யாதீர்கள். காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்று கிடைத்தால், அதிலிருந்து வரும் காற்றை அதே வேகத்தில் பாயவிட்டுச் சரிசெய்வது இன்னும் நல்லது. அளக்கும்போதும் அதே வேகமே இருக்கும் என்பதால் பிழை குறையும்.

பிறகு உங்கள் சிலிண்டரின் வால்வை ஒரு நொடி திறந்து மூடி, வாய்ப்பகுதியில் தேங்கிய நீரையும் தூசியையும் வெளியேற்றுங்கள். அனலைசரின் முனையை வால்வின் வாயில் பொருத்தி, வால்வை மிக மெதுவாகத் திருகுங்கள். காதருகே வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு மெல்லிய சீறல் போதும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் பாய்ந்தால் போதுமானது. திரையில் எண் 20.9இலிருந்து முதலில் வேகமாக ஏறும். 27, 30 என்று தாண்டி, 31க்கு மேல் தயங்கித் தயங்கி நகரும். இந்தத் தயக்கத்தின்போது அவசரப்பட்டு எடுத்துவிடுவது பலரிடம் காணும் பழக்கம். அவ்வாறு எடுத்தால் உண்மையைவிடக் குறைவான எண்ணே கிடைக்கும். உண்மையைவிட ஆழமான எல்லையையே நீங்கள் எழுதுவீர்கள். எண் ஏறக்குறைய அரை நிமிடம் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். ஓரிடத்தில் நில்லாமல் எண் ஆடிக்கொண்டே இருந்தாலோ, காற்றில் 20.9க்குச் சரிசெய்யவே முடியாமல் போனாலோ, கலம் தேய்ந்திருக்கலாம். வேறு அனலைசர் கேளுங்கள்.

கிடைத்த எண் எதிர்பார்த்ததிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் சரிசெய்து மீண்டும் அளங்கள். இரண்டாம் முறையும் அதே எண் வந்தால், அதுவே உங்கள் கலவை. லேபிளில் உள்ளது அன்று. முழு எண்ணாக வராதபோது நான் பின்பற்றுவது இது: 32.6 என்று காட்டினால், உச்ச ஆழத்தை 33 விழுக்காட்டுக்குரிய 32 மீட்டராக எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் நைட்ரஜன் கணக்குக்காக 32 என்று வைக்கிறேன். இரு பக்கமும் எச்சரிக்கையாக முழுமையாக்கப்பட்டுவிடுகிறது. கம்ப்யூட்டரின் ஆழ எச்சரிக்கை மட்டும் ஒரு மீட்டர் தாமதமாக ஒலிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

படி 4: அளந்ததும் எழுதி ஒட்டுதல்

அளந்த அதே இடத்தில், சிலிண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே, ஒட்டும் நாடாவில் ஐந்து விவரங்களை எழுதிச் சிலிண்டரின் தோளில் ஒட்டுங்கள்: ஆக்சிஜன் விழுக்காடு, உச்ச ஆழம், சிலிண்டர் அழுத்தம், தேதி, உங்கள் பெயர். உச்ச ஆழத்தை மற்றவற்றைவிடப் பெரிதாக, கூட இறங்குபவரும் நீருக்கடியில் படிக்கும் அளவுக்கு எழுதுங்கள். படகின் பதிவேட்டிலும் அதே எண்களை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

படகில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சிலிண்டர்கள் அங்கே நிலையாக இருப்பதில்லை. பணியாளர்கள் இடம் மாற்றுவார்கள், அலையில் ஒன்று சரிந்தால் வேறிடத்தில் கட்டுவார்கள், அடுத்தவர் தம் மிதவைச் சட்டையைத் தவறான சிலிண்டரில் மாட்டிவிடுவார். உங்கள் பெயரும் எண்ணும் இல்லாத சிலிண்டரைப் பயன்படுத்தாதீர்கள். பழைய நாடா ஒட்டியிருந்தால் அதைக் கிழித்தெறிந்த பின்பே புதியதை ஒட்டுங்கள்.

படி 5: டைவ் கம்ப்யூட்டரை அமைத்தல்

கலவை விழுக்காட்டையும் ஆக்சிஜன் பகுதி அழுத்த எல்லையையும் அமையுங்கள். எல்லை 1.4 என்று இருக்கட்டும். சில கருவிகள் 1.6 வரை வைக்க அனுமதிக்கும். அமைத்த பிறகு கருவி காட்டும் உச்ச ஆழத்தைச் சிலிண்டர் நாடாவில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன ஒரு மீட்டருக்கு மேல் இரண்டும் வேறுபட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

முந்தைய முக்குளிப்பின் அமைப்பு தானாக நீடிக்கும் என்று நம்பாதீர்கள். சில கருவிகள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் 21க்குத் திரும்பிவிடும். வேறு சில, பயனர் கலவையை உறுதிசெய்யாவிட்டால், நைட்ரஜனுக்குக் காற்று என்றும் ஆக்சிஜனுக்கு 50 விழுக்காடு என்றும் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்ளும். அப்போது 18 மீட்டரைத் தாண்டியதுமே எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு முக்குளிப்புக்கும் முன் கலவைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே சரியான பழக்கம்.

கூடுதல் பாதுகாப்புக்காகச் சிலர் நைட்ராக்ஸைச் சுவாசித்தபடி கம்ப்யூட்டரைக் காற்றிலேயே வைத்திருப்பார்கள். நைட்ரஜன் கணக்கில் இது நல்ல முறையே. ஆனால் அப்போது கருவிக்கு ஆக்சிஜனைப் பற்றி எதுவும் தெரியாது, காற்றில் 1.4 பார் வருவது சுமார் 56 மீட்டரில் என்பதால், 32 விழுக்காட்டுக்குரிய 33 மீட்டரைத் தாண்டினாலும் அது அமைதியாகவே இருக்கும். இம்முறையைத் தேர்ந்தால் ஆழ எச்சரிக்கையை நீங்களே தனியாக 33 மீட்டருக்கு அமைக்க வேண்டும். கலவையைச் சரியாக அமைத்துவிட்டு, நேர எல்லைகளைக் கருவி எவ்வளவு கண்டிப்பாகக் கணக்கிட வேண்டும் என்ற அமைப்பைக் கூட்டிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அதில் இரண்டு அபாயங்களும் கண்காணிப்பில் இருக்கும்.

படி 6: உடன் இறங்குபவரோடு திட்டமிடல்

இருவரிடமும் ஒரே கலவை இருக்கும் என்ற உறுதியில்லை. ஒருவர் 36 விழுக்காட்டிலும் மற்றவர் காற்றிலும் இறங்கினால், உச்ச ஆழத்தை 36 விழுக்காட்டுக்காரரின் 28 மீட்டரும், நேரத்தைக் காற்றுக்காரரின் நைட்ரஜன் எல்லையும் தீர்மானிக்கும். இருவரில் எவருடைய எல்லை முதலில் வருகிறதோ அதுவே இருவருக்கும் எல்லை. படகு வழிகாட்டி பொதுவாக அறிவிக்கும் ஆழத்தை உங்கள் ஆழத்தோடு ஒப்பிட்டு, அவருடையது அதிகமென்றால் அங்கேயே, நீரில் குதிப்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள்.

இறங்கும் முன் செய்யும் வழக்கமான பரிசோதனையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடன் இறங்குபவரின் சிலிண்டர் நாடாவை வாய்விட்டுப் படித்து, அவருடைய கம்ப்யூட்டரில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவரும் உங்களுக்கு அதைச் செய்யட்டும்.

படி 7: நீருக்குள்

தளம் தெரியும் இடத்தில், தளத்தின் ஆழம் உங்கள் எல்லையைவிடக் குறைவு என்றால், பெரிய கவலை இல்லை. கவனம் தேவைப்படுவது செங்குத்துப் பாறைச் சுவர்களில். கீழே நீலம் மட்டுமே தெரியும் அந்த இடங்களில் கண்ணுக்கு ஆழத்தின் அளவு பிடிபடாது. மிதப்புச் சமநிலை சற்றே தவறினாலும் ஐந்தாறு மீட்டர் இறங்கிவிடுவது எளிது. சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பி, குறிப்பிட்ட ஒரு பவளத்தையோ பாறை விளிம்பையோ பார்வைக் குறியாக வைத்துக்கொண்டு, உச்ச ஆழத்துக்கு மூன்று நான்கு மீட்டர் மேலேயே நீந்துங்கள். கீழே விழும் கேமராவை விரட்டிச் செல்லாதீர்கள். சுறாவோ திருக்கையோ கீழே கடந்து சென்றாலும் அப்படித்தான்.

நீரோட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர் நீரோட்டத்தில் கடுமையாகத் துடுப்படித்தால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அது ஆக்சிஜன் நச்சு வலிப்பின் வாய்ப்பைக் கூட்டும். கடும் உழைப்பு எதிர்பார்க்கப்படும் இடங்களில் 1.4க்குப் பதிலாக 1.3 பாரை எல்லையாகக் கொள்வது அறிவுடைமை. 32 விழுக்காட்டுக்கு அது சுமார் 30 மீட்டர். மூச்சு வாங்கத் தொடங்கினால் போராடாமல் பாறையின் மறைவில் நின்று மூச்சைச் சீராக்குங்கள், அல்லது சற்றே மேலேறுங்கள்.

மேலேறும் வேகம் காற்றுக்கும் நைட்ராக்ஸுக்கும் ஒன்றே. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தமும் அவ்வாறே.

ஆழமான இடத்தில் வரும் நைட்ரஜன் மயக்கத்தை நைட்ராக்ஸ் குறைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆக்சிஜனுக்கும் மயக்கும் தன்மை உண்டு. முக்குளித்தபின் களைப்புக் குறைகிறது என்று பலர் உணர்வதாகச் சொல்கிறார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதால் அதை ஒரு காரணமாகக் கொண்டு திட்டமிடக் கூடாது.

படி 8: எல்லை மீறினால், அறிகுறி தோன்றினால்

உச்ச ஆழத்தைத் தாண்டிவிட்டதைக் கண்டால் உடனே, ஆனால் வழக்கமான வேகத்திலேயே, எல்லைக்கு மேலே வாருங்கள். பார்வை குறுகுதல், காதில் இரைச்சல், குமட்டல், உதடும் முகத் தசையும் துடித்தல், காரணமற்ற எரிச்சலோ பதற்றமோ, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், உடன் இறங்கியவருக்குக் காட்டிவிட்டு மேலேறி முக்குளிப்பை முடித்துக்கொள்ளுங்கள். இவை எதுவும் தோன்றாமலேயே வலிப்பு வரலாம் என்பதால், அறிகுறியை நம்பி ஆழத்தைச் சோதிப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார்.

உடன் இறங்கியவருக்கே வலிப்பு வந்தால், அவரைப் பின்புறமிருந்து பற்றிக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் வாயில் இருந்தால் அதை அழுத்திப் பிடித்து, உலுக்கல் அடங்கும் வரை அதே ஆழத்தில் நிறுத்தி, பிறகு மேலேற்றுங்கள். ரெகுலேட்டர் ஏற்கெனவே நழுவிவிட்டிருந்தால் அதை மீண்டும் பொருத்த முயன்று நேரத்தை வீணாக்காமல் மேலேற்றத் தொடங்குங்கள். மேற்பரப்பில் அவருக்கு மிதப்பு கொடுத்து, படகை அழைத்து, சுவாசத்தைப் பாருங்கள். இதை வாசித்துத் தெரிந்துகொள்வது போதாது. மீட்புப் பயிற்சி வகுப்பில் கையால் செய்து பழக வேண்டும்.

படி 9: இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே

படகுப் பயணத்தில் ஒழுங்கு தளரும் நேரம் இதுதான். உணவு, வெயில், அரட்டை எல்லாம் சேர்ந்து, முதல் முக்குளிப்புக்கு முன் இருந்த கவனம் இரண்டாவதற்கு இருப்பதில்லை. புதிய சிலிண்டர் என்றால் புதிதாக அளப்பது கட்டாயம். அதே சிலிண்டரை மீண்டும் நிரப்பியிருந்தாலும் அப்படியே. ஒரு எடுத்துக்காட்டு: 32 விழுக்காட்டுக் கலவை 80 பார் மிஞ்சிய சிலிண்டரில் தவறுதலாகச் சாதாரணக் காற்றை 200 பார் வரை நிரப்பிவிட்டால், கிடைப்பது சுமார் 25 விழுக்காடு. அதை 32 என்று எண்ணிக் கம்ப்யூட்டரை அமைத்தால், கருவி கணக்கிடும் நைட்ரஜனைவிட உங்கள் உடலில் ஏறுவது அதிகமாக இருக்கும். ஆக்சிஜன் எல்லையில் ஆபத்தில்லாத இத்தவறு நைட்ரஜன் எல்லையில் உங்களைத் தாக்கும். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது: 40 விழுக்காட்டுச் சிலிண்டரை 32 என்று எண்ணி 33 மீட்டருக்கு இறங்கினால் பகுதி அழுத்தம் 1.7 பாரைத் தாண்டிவிடும்.

ஆக்சிஜனுக்கு ஆழ எல்லையைத் தவிர நேர எல்லையும் உண்டு. நோவாவின் அட்டவணைப்படி 1.4 பாரில் ஒரு முக்குளிப்புக்கு 150 நிமிடம். 24 மணி நேரத்தில் 180 நிமிடம். 1.6 பாரில் ஒரு முக்குளிப்புக்கு 45 நிமிடம் மட்டுமே. கம்ப்யூட்டர் இதை விழுக்காடாகக் காட்டும். 32 விழுக்காட்டுக் கலவையில் சராசரியாக 18 மீட்டரில் ஒரு மணி நேரம் இருந்தால், பகுதி அழுத்தம் சுமார் 0.9 பார், அதற்கான எல்லை 360 நிமிடம் என்பதால், ஒரு முக்குளிப்பு அதில் ஏறக்குறைய 17 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. நான்கு முக்குளிப்புகள் முடிந்தாலும், இடைவேளையில் குறைவதைக் கணக்கிடாமலேயே, 70 விழுக்காட்டுக்குள் நிற்கும். ஆகவே பொழுதுபோக்கு முக்குளிப்பில் இந்த எல்லை அரிதாகவே குறுக்கிடும். 36 விழுக்காட்டில் தொடர்ந்து உச்ச ஆழத்தை ஒட்டியே இறங்குபவர்தான் இதை உற்றுக் கவனிக்க வேண்டும்.

மேற்பரப்பு இடைவேளையில் நிழலில் இருந்து, தண்ணீர் குடியுங்கள். நைட்ராக்ஸ் பயன்படுத்துகிறோம் என்பதற்காக இடைவேளையைச் சுருக்க வேண்டாம். பல நாள் பயணத்தின் நடுவே ஒரு நாளில் கடைசி முக்குளிப்பை விட்டுவிட்டு ஓய்வெடுப்பது, எந்தக் கலவையில் இறங்கினாலும், உடலுக்கு நல்லது.

படி 10: கடைசி முக்குளிப்புக்குப் பின்

குறிப்பேட்டில் ஆழம், நேரம் ஆகியவற்றோடு கலவையின் விழுக்காட்டையும், தொட்ட உச்சப் பகுதி அழுத்தத்தையும், எஞ்சிய வாயுவின் அளவையும் எழுதுங்கள். எஞ்சிய அளவு, அடுத்த பயணத்தில் உங்களை முதலில் கட்டுப்படுத்துவது வாயுவா நைட்ரஜனா என்பதைக் காட்டும்; நைட்ராக்ஸுக்குப் பணம் கொடுப்பது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அதிலிருந்தே தீர்மானிக்கலாம்.

விமானப் பயணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய நேரத்தை நைட்ராக்ஸ் குறைப்பதில்லை. ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பதே முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு தரும் வழிகாட்டுதல். உயரமான மலைப் பாதையில் காரில் செல்வதையும் இதே எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

கரை திரும்பிய பின் மூட்டு வலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல், இயல்பற்ற களைப்பு, தலைசுற்றல் போன்றவை தோன்றினால், ‘நைட்ராக்ஸில்தானே இறங்கினேன், இது அதுவாக இருக்காது’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். படகிலேயே இருந்தால் உடனே படுத்துக்கொண்டு அவசர உதவிப் பெட்டியிலுள்ள 100 விழுக்காட்டு ஆக்சிஜனைக் கேளுங்கள். சிலிண்டரில் மிஞ்சிய நைட்ராக்ஸ் அதற்கு ஈடாகாது. முக்குளிப்பு மருத்துவ உதவி எண்ணை அழைத்து, மருத்துவமனைக்குச் செல்லும்போது டைவ் கம்ப்யூட்டரை அழிக்காமல் அப்படியே கையோடு எடுத்துச் சென்று, எந்தக் கலவையில், எத்தனை முறை, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் அதைக் காட்டியே சொல்லுங்கள்.